அரியூர் நாட்டில் ஒரு நவ நாஜி

உள்ளாட்சித் தேர்தல் செய்தி சேகரிக்கக் கொல்லிமலையில் அரியூர் நாட்டுக்குப் போயிருந்தேன்; அங்கே சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்ற மிளகு விவசாயி ஒருவர் ஒரே விஷயத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டார்: அடிவாரத்து வியாபாரிகள் வீடு வீடாக வந்து மிளகு எடை போடக் கூடாது, சந்தைத் திடலில் எல்லோர் கண்ணெதிரே போட வேண்டும்.

வியாபாரிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். எதிரணிக்காகக் கீழேயிருந்து வந்த பேச்சாளர் அதைப் பிடித்துக்கொண்டார். சிறுபான்மையினரை மலையைவிட்டு விரட்டத் துடிக்கும் நவ நாஜி என்று ஜீப்பில் நின்றபடி முழங்கிவிட்டு, அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிப் போனார்.

அந்த ஆண்டுகளில் மேடைகளில் அது தாராளமாகப் புழங்கிய சொல். வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், மொட்டைத் தலையோடு கொடி பிடித்து நிற்கும் இளைஞர்களின் படத்துக்குக் கீழே வரும். உள்ளூரில் வரி வசூலில் கறாராக இருந்த அதிகாரியையும் அப்படித் திட்டக் கேட்டிருக்கிறேன்.

மலையில் யாருக்கும் அது தெரியாது. டீக்கடையில் விவசாயியின் மச்சினர், "வாங்க நாஜியாரே, உக்காருங்க" என்றார். அவரும் சிரித்தார். பிறகு என்னிடம் அர்த்தம் கேட்டார்.

சுருக்கமாகச் சொன்னேன். ஜெர்மனியில் ஒரு கட்சி, யூதர்களின் கடைகளுக்குப் போகாதே என்று தொடங்கி, வீடுகளைப் பறித்து, கடைசியில் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதை மறுபடி கொண்டுவர நினைப்பவர்களுக்கு இந்தப் பெயர்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதையா சாமி என்னையச் சொன்னான்?"

பழிக்கு ஆளானவர், நாட்டார் எனப்படும் அந்த நாட்டின் பெரியவர்கள் கூடி விசாரிக்கும்வரை பொதுக் காரியத்தில் முன்னே நிற்பதில்லை. அது அவர்கள் வழக்கம். அன்றே ஓட்டுக் கேட்பதை நிறுத்தினார். வெறும் மேடைப் பேச்சு, பதிலுக்கு நீங்களும் ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள் என்று அவருடைய ஆட்கள் மன்றாடினார்கள். அவர் அசையவில்லை.

நாட்டார் கூடிய அன்று பேச்சாளர் வரவில்லை. யாரைப் பற்றிப் பேசினோம் என்பதே அவருக்கு நினைவில்லை என்று, கூப்பிடப் போனவர் வந்து சொன்னார். அழைக்காமலே வந்தவர் ஒரு வியாபாரி. பல காலமாக இந்த விவசாயியிடம் மிளகு வாங்குபவர். சந்தைத் திடல் யோசனையில் அவருக்குக் கோபம், அதை மறைக்கவும் இல்லை.

"பாய், என்னையக் கண்டா பயமா இருக்குதுங்களா?" என்று விவசாயி கேட்டார்.

"பேரம் பேசறதுக்குத்தான் பயமுங்க" என்றார் வியாபாரி. கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இவரு சொல்றது எனக்கு நட்டம். நாளைக்கும் சண்டை போடுவேன். ஆனா வெரட்டறதுன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. இவரு தராசத்தான் வெளிய கொண்டாரச் சொன்னாரு."

பழி இல்லை என்று நாட்டார் முடித்தார்கள். அதற்குள் பிரச்சாரமும் முடிந்திருந்தது. அவர் தோற்றார்.

அந்தச் சொல்தான் காரணமா என்று செய்தி ஆசிரியர் கேட்டார். என்னால் அப்படி எழுத முடியவில்லை. கடைசி நாட்களில் வேட்பாளர் ஓட்டுக் கேட்கப் போகவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.