புயலுக்குப் பிறகு கட்டிய கயிறு

பக்கத்து வளவுக்காரர் நெடிய, ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த இடைவெளியில் எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும்.

புயல், எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியை அப்படியே என் பக்கம் சாய்த்துவிட்டிருந்தது. சுன்னாகத்தில் வேலி விழுந்தால் முதலில் வரும் பயம் பாம்புமல்ல, கள்ளனுமல்ல. எல்லை நகர்ந்துவிடும் என்பதுதான். மழை விடுமுன்பே கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன். விழுந்துகிடந்த வேலியின் ஓரமாகத் தடிகளை ஊன்றி, கயிற்றை இழுத்துக் கட்டி, இடுப்பில் கைவைத்து நின்றேன்.

அவர் குடையோடு வந்தார்.

"அண்ணை, இதுதான் எல்லை. பிறகு ஒரு கதையும் கதைக்கக் கூடாது!"

கண்ணாடியைத் துடைத்தார். தூறலில் அது நனைய, மறுபடியும் துடைத்தார்.

"ஓம் தம்பி. அப்ப உம்மடை தேசிக்காய் மரம் இனி என்ரையோ?"

திரும்பிப் பார்த்தேன். வேலி நின்ற இடத்தில் அல்ல, விழுந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தேன். ஓர் ஆள் நீளக் காணி, காய்த்துக் குலுங்கும் எலுமிச்சை மரத்தோடு அவர் பக்கம் போயிருந்தது.

"வேலிக் கதியால் நட்ட குழியள் இஞ்சாலை, என்ரை பக்கம் கிடக்கு. கயிற்றின்ரை அந்தத் தலைப்பை அவிழும், நான் இதை அவிழ்க்கிறன்," என்றார்.

அவர் ஏன் வாயைத் திறந்தார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தால், "கயிறு நல்ல நேராய் நிக்குது" என்று பாராட்டிவிட்டு மெல்ல வீட்டுக்குள் போயிருப்பேன்.