டொக்டரின் கல்வெட்டு

எங்கள் கிராமச் சுகாதார அமைப்பைத் தொடங்கிய டொக்டர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சடிக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். இறந்தவரின் புகழைப் பாடி, சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் புத்தகம் அது. நான் பாட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சீனி வருத்தம் என்னும் நீரிழிவு உள்ளவர்கள் கால்களை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்ததைப் போட்டேன். புண்பட்ட குதிகாலின் படத்தையும் போட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அவருடைய தமையனார் அதைத் தூக்கிக் காட்டினார்.

"கல்வெட்டிலை புண்ணின்ரை படமோ, பிள்ளை? உதை நோட்டீஸா அடிச்சுக் குடுத்திருக்கலாமே."

"அவர் இருக்கேக்கை அடிச்சுக் குடுத்தனாங்கள்தானே, ஐயா. சந்தையிலை அதிலை மீன் சுத்தினவை. கல்வெட்டைச் சாமியறையிலையெல்லோ வைப்பினம். இதை ஆரும் எறியமாட்டினம்."