ராவுத்தரின் இரும்புப் பெட்டி

போடியிலிருந்து குரங்கணிக்கு லோடு ஏற்ற வந்த ஜீப்பு டிரைவர்தான் சொன்னார்: "அண்ணே, நம்ம ராவுத்தரு நேத்துத் தவறிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாராம்."

காதர் மைதீன் ராவுத்தரின் ஏலக்காய்க் கடையில் ஆறு ஆண்டுகள் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவன் நான். நோவில்லாமல் போனார் என்பதில் ஓர் ஆறுதல். அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இன்னோர் ஆறுதலைப் பற்றி.

போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அவர் பழைய இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கினார். கொடியும் பூவுமாக வேலைப்பாடு செய்த பெட்டி. முன்பக்கத்துப் பூட்டு வெறும் ஏமாற்று. யாரோ அதை நிஜமென்று நம்பி உடைத்ததில் கோழிமுட்டை அளவு ஓட்டை விழுந்திருந்தது. உண்மையான சாவித்துளை மூடியின் நடுவே, நகரும் பித்தளைப் பூவுக்கு அடியில். மூடியைச் சாத்தினாலே பூட்டின் எட்டு இரும்பு நாக்குகளும் தாமாகப் பூட்டிக்கொள்ளும். "களவாணிப்பயலுக்குன்னே செஞ்சிருக்கான்யா" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரிப்பார். மதுரைக்காரர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டிருந்தார்.

ஒரு மதியம் என் மனைவி எனக்குச் சோறு கொண்டுவந்தாள். கூடவே வந்த எங்கள் நான்கு வயது மகள் பேச்சி, மூடியிலிருந்த சாவியை உருவிக்கொண்டு, திறந்திருந்த பெட்டிக்குள் இறங்கிவிட்டாள். மூடி விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஓடினோம். பிள்ளையும் உள்ளே, சாவியும் உள்ளே. அலறல் கேட்டது. நான் கடப்பாரையை ஓங்கினேன். ராவுத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதய்யா. அந்தச் சத்தத்துலயே பிள்ளைக்கு உசுரு போயிரும்."

கனத்த உடம்பைத் தரையில் கிடத்தி, ஓட்டையருகே வாயை வைத்தார். "ஆத்தா பேச்சி, ஒளிஞ்சு விளையாடுறியா? இந்தா என் விரலு. புடி பார்ப்போம்!"

அழுகை மெல்ல நின்றது.

"கெட்டிக்காரி! சாவி எங்க?"

"காணோம்."

"தடவிப் பாரு. மெதுவாத் தேடு, நமக்கு வேற என்ன சோலி?"

பொழுதெல்லாம் எங்களை 'வெரசா, வெரசா' என்று விரட்டுகிற மனிதர் அவர். சற்று நேரத்தில் ஓட்டையில் சாவியின் முனை தெரிந்தது. வளையம் சிக்கிக்கொண்டது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "திருப்பித் தள்ளு ஆத்தா... இன்னுங் கொஞ்சம்..." சாவி அவர் கையில் விழுந்தது. பூவை நகர்த்தி மூடியைத் திறந்தார். வேர்வையில் நனைந்து எழுந்த பேச்சி, "இன்னொருக்க ஒளியவா?" என்றாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ராவுத்தர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். குடிக்கக் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார்.

"நீங்க பயப்படவே இல்லையே முதலாளி" என்றேன்.

"பயப்படாமயா? என் பயம் பிள்ளைக்கு எதுக்குய்யா?"

அன்று மாலையே கொல்லரை அழைத்து எட்டு நாக்குகளையும் வெட்டச் சொன்னார். அடுத்த வாரம் வந்த மதுரைக்காரர், "பெட்டியவே கெடுத்துட்டீங்களே பாய்" என்று நொந்துகொண்டார். "இப்பத்தான்யா அது நல்ல பெட்டி" என்றார் ராவுத்தர்.

பேச்சி இப்போது மூன்றாம் வகுப்பு. செய்தியைச் சொன்னதும், "எங்கூட ஒளிஞ்சு விளையாண்டாரே, அந்தத் தாத்தாவா?" என்று கேட்டாள். அந்த இருட்டு அவள் நினைவில் இல்லை. ராவுத்தர் எனக்கு விட்டுச்சென்றது அதுதான்: பயமறியாத ஒரு மகள்.