நான் பூஜ்ஜியம் போட்ட மணல்திட்டு

என் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். விடுமுறை விட்டதும் பின்சீட்டுகளைக் கழற்றி வாசலில் அடுக்கிவிட்டு, கூடாரம், அடுப்பு, தண்ணீர்க் கேன், பைனாகுலர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையோடு போய்விடுவாள், கரைப்பறவை பார்க்க. ஏழு வருடமாக இப்படித்தான்.

"மாப்பிள்ளை பாக்க வேண்டிய வயசுல குருவி பாத்துட்டுத் திரியிறா" என்று அம்மா புலம்புவாள்.

"குருவி என்னை வேலைய விடச் சொல்லாதும்மா" என்பாள் அக்கா.

அவள் ஒன்பதாவதோடு நின்றவள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கரையோரப் பறவைக் கணக்கெடுப்பில் தற்காலிக வேலை. போன வருடம் ஒரு மணல்திட்டுக்கு நேராகப் பூஜ்ஜியம் போட்டேன். பறவை எண்ணிக்கை இரண்டு வருடம் தொடர்ந்து ஐந்நூறுக்குக் கீழே போனால் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், அங்கே படகுத்துறை வரும். இதைச் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். அக்காவின் கை தட்டிலேயே நின்றது.

"அந்தத் திட்டா? நீ போனப்ப கடல் எங்கடா இருந்துச்சு?"

நான் கவனிக்கவே இல்லை.

அந்த விடுமுறைக்கு என்னையும் வேனில் ஏற்றினாள். வழியில் இரண்டு இரவு கூடாரத்தில் கழிந்தது. திட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திக் கூடாரத்தை இறக்கியதும் காவல்காரர் ஓடிவந்தார்.

"இந்த மண்ணுல கூடாரம் போடக் கூடாதும்மா. மேலிடத்து உத்தரவு."

"மண்ணுலதானே கூடாதுண்ணே?"

கூடாரத்தைத் தூக்கி வேனின் கூரைமேல் கட்டினாள். காவல்காரர் கூரையைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், நிழல் தேடிப் போய்விட்டார்.

காலை பத்து மணிக்குக் கடல் உள்வாங்கிக் கிடந்தது. கண்ணுக்கு எட்டியவரை சேறு, திட்டில் ஒரு காக்கைகூட இல்லை. போன வருடம் நான் பார்த்ததும் இதைத்தான்.

"இப்ப எல்லாம் தூரத்துச் சேத்துல மேயுது. தண்ணி ஏறினா நிக்க வேற இடமில்ல, இங்கதான் வரணும்" என்றாள்.

ஒரு மணிக்குத் தண்ணீர் சேற்றை மூடியது. வந்தன. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கூட்டம் கூட்டமாக இறங்கி, ஒற்றைக்காலில் நின்று, முதுகில் அலகைச் செருகிக்கொண்டன. மணலே தெரியவில்லை. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். எண்பத்தேழில் கூட்டம் நகர்ந்தது, கணக்கு குழம்பியது.

அக்கா வாய்க்குள் முணுமுணுத்தாள்: "ஒரு வேன், ரெண்டு வேன்..." அவள் வண்டியில் இருபது பிள்ளைகள். இருபது தலை எவ்வளவு இடம் அடைக்கும் என்று அவள் கண்ணுக்குத் தெரியும். மூன்று முறை எண்ணினாள். அறுபத்திரண்டு வேன்.

அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன்.

"போன வருஷம் பூஜ்ஜியம், இப்ப ஆயிரத்து இருநூத்தி நாப்பதா? யாருப்பா எண்ணினது?"

"அக்கா, சார். வேன் ஓட்டுறாங்க."

அவர் சிரித்தார். "நூறுன்னு போடு. உன் பழைய கணக்கும் அசிங்கப்படாது. அடுத்த மாசம் உன்னை நிரந்தரமாக்குற பேச்சு இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

நூறு. எழுத இரண்டு நொடி போதும். எழுதிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அக்கா பைனாகுலரை இறக்கவில்லை.

"ஒரு புள்ள குறைஞ்சாலும் நான் வண்டிய எடுக்க மாட்டேன். நீ ஆயிரத்துச் சொச்சத்தை விட்டுட்டுப் போறியாடா?"

படிவத்தில் 1240 என்று எழுதினேன். எண்ணியவர்: அக்காவின் பெயர். தொழில்: வேன் ஓட்டுநர். குறிப்பு: 'சென்ற ஆண்டுப் பூஜ்ஜியம் என் பிழை. கடல் உள்வாங்கிய நேரத்தில் போய்விட்டேன்.' கையெழுத்திட்டு, படமெடுத்து, அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பினேன்.

உடனே மேற்பார்வையாளரிடமிருந்து போன் அடித்தது.

"எடுக்குறியா, நான் பேசவா?" என்றாள்.

எடுத்தேன்.

"அனுப்பிட்டேன் சார். சந்தேகமா இருந்தா நாளைக்கு வாங்க. ரெண்டு மணிக்கு, தண்ணி ஏறினப்புறம்."