நாகலெட்சுமி அக்காவின் மாதச் சம்பளம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற மலைக்கு ஒரு பெண்ணைக் கங்காணியாகப் போட்டபோது, கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பெண்கள் முன்னேற்றமாம். உண்மை என்னவென்றால், போடுவதற்குக் கொழுந்து வேலை தெரிந்த ஆண்பிள்ளை எவனும் மிச்சமில்லை.

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற இந்தத் தோட்டத்து ஒப்பீஸில் நான் ஐந்து வருடமாகக் கிளாக்கர். பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்கிறவளும் நான்தான். நான் சேர்ந்தபோது அதில் தொண்ணூறு ஆண்கள் இருந்தார்கள். இப்போது முப்பத்தொரு பேர். மற்றவர்கள் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள், த்ரீவீல் ஓட்டுகிறார்கள். கடைசிக் கங்காணி ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காவல்காரராகப் போய்விட்டார். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் மாதச் சம்பளம் என்பார்கள். அந்த ஆசை பெண்களுக்கும் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாகலெட்சுமி அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்தொன்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். எங்களிடம் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள்; அதுதான் ஒரு நாள் கூலி. போதுமான கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர். வராவிட்டால் ஒன்றுமே இல்லை. காய்ச்சலோ கால்வீக்கமோ, அது அவரவர் பாடு. போன வருடம் அக்கா காய்ச்சலோடு நான்கு நாள் மலைக்குப் போய், ஐந்தாம் நாள் செடிகளுக்கு நடுவிலேயே விழுந்தார். கங்காணி வேலை அப்படியல்ல. மூன்று மாதம் சோதித்துப் பார்ப்பார்கள். தேறினால் மாதச் சம்பளம், சம்பளத்தோடு சுகவீன லீவு. அக்காவுக்கு அந்த லீவின் மேல்தான் கண்.

"நெசமாவே படுத்துக் கெடந்தாலும் சம்பளம் போடுவாங்களா தங்கச்சி?" என்று என்னிடம் மூன்று முறை கேட்டார். நியமனக் கடிதத்தை வாசித்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

அவருடைய கணவர் சோலைமலை, கவ்வாத்து வெட்டுகிறவர்; தேயிலைச் செடியைக் கழித்துவிடுகிற வேலை. ஆண்களுக்கு எண்ணிக் கொடுத்த செடி முடிந்தால் வேலை முடிந்தது. பன்னிரண்டு மணிக்கு வீடு. பெண்கள் நாலரை மணி வரை மலையில். இரண்டுக்கும் அதே ஒரு பேர்தான். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் ஆம்பிளைதான்.

கங்காணியாகப் போன முதல் நாள், அக்கா குடையும் தடியுமாக நாற்பது பெண்களுக்குப் பின்னால் நின்றார். பத்து நிமிடம் நின்றிருப்பார். பிறகு குடை கக்கத்துக்குப் போனது, கைகள் செடிக்குப் போயின. பறித்ததைப் போடத் தன்னிடம் கூடையில்லை. பக்கத்தில் யார் பின்தங்கியிருக்கிறாளோ அவள் கூடையில் போட்டார். கங்காணி கொழுந்து பறிக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். ஒருத்தி பறித்தது இன்னொருத்தியின் நிறையில் சேர்ந்தால் அது கள்ளக் கணக்கு.

மலை வேலை முழுவதையும் பார்க்கிற கண்டாக்கு தரணிதரன், இரண்டு முறை கையும் களவுமாகப் பிடித்தார்.

"நீ வேலை பாக்க வந்தியா, வேலை வாங்க வந்தியா?"

"வாங்கிக்கிட்டுத்தாங்க இருக்கேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அந்த மாதம் முழுக்க ஒருத்திக்கும் அரைப்பேர் விழவில்லை. பட்டியலில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கண்டாக்குக்கு வரவில்லை. இரண்டாம் மாத முடிவில், இந்தப் பெண் சரிப்படாது என்று தோட்டத்து மேனேஜர் துரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அக்காவுக்குப் பதிலாக ஓர் ஆளின் பெயரும் எழுதியிருந்தார். சோலைமலை.

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். ஆத்திரமாக வந்தது. சோலைமலை அண்ணன் நல்ல மனிதர், ஆனால் வாழ்நாளில் ஒரு கொழுந்து கிள்ளியதில்லை. இருந்தாலும் நானும் மாதச் சம்பளக்காரி. வாயை மூடிக்கொண்டு தட்டினேன்.

துரை கையெழுத்து வைத்த அன்று பின்னேரம் அவர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போனேன். அண்ணன் ஒரு புதுத் தடியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"யாரு பாத்தா என்ன புள்ள? சம்பளம் ஒரே வீட்டுக்குத்தானே வருது" என்றார் மனைவியிடம்.

"காய்ச்சல் எனக்குத்தானே வருது" என்றார் அக்கா.

அடுப்பை ஊதுகிற சாக்கில் அழுதார். மறுநாள் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார், புருஷனுக்குக் கீழே வேலை செய்ய.

புதுக் கங்காணி காலையில் நன்றாகத்தான் செய்தார். தடியைத் தட்டினார், சத்தம் போட்டார், முற்றின இலையைப் பார்த்து அருமையான கொழுந்து என்று பாராட்டினார். பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து நிறுவை முடிந்தது. முப்பது வருடப் பழக்கம். அவர் பாட்டுக்குத் திரும்பி லயத்தைப் பார்த்து நடந்துவிட்டார். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கூப்பிடவில்லை.

இரண்டு மணிக்குத் துரையின் ஜீப் வந்தது. பறித்து முடித்த மலையின் ஓரத்தில், அடுத்து எங்கே போவது என்று சொல்ல ஆளில்லாமல், நாற்பது பெண்களும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கங்காணி எங்க?" என்றார் துரை.

"வீட்டுக்குப் போயிட்டாருங்க தொரை" என்றார், அக்காவின் பக்கத்து வீட்டு அழகம்மா. "ஆம்பளைங்களுக்குப் பன்னெண்டு மணியோட சரிதானுங்களே."

துரை லயத்துக்கே போனார். கண்டாக்கு பின்னால் ஓடினார். விடியற்காலையில் அக்கா ஆக்கி வைத்துவிட்டுப் போன சோற்றைச் சாப்பிட்டு, சோலைமலை அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பியதும், "பேர் போட்டாச்சுங்களா?" என்று கேட்டாராம்.

மறுநாள் புதுக் கடிதம். துரை சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் தட்டினேன். நாகலெட்சுமி, கங்காணி, நிரந்தரம். கொழுந்தில் கை வைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அதனால் அக்கா இப்போது மழையோ வெயிலோ, குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய லீவுக் கடிதம் வந்தது. காய்ச்சல். அன்று லயத்தில் நடந்ததைச் சொன்னவர் அழகம்மா. பன்னிரண்டு மணிக்கு அண்ணன் கவ்வாத்து முடிந்து வழக்கம்போல் வீட்டுக்கு வந்திருக்கிறார். அக்கா போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"சோறு ஆக்கலையா?"

"இன்னைக்கு நான் லீவுங்க."

"அது தோட்டத்துக்குத்தானே?"

அக்கா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். சோலைமலை அண்ணன், தன் வீட்டில் அரிசி எந்த டின்னில் இருக்கிறது என்று அழகம்மாவிடம் வந்து கேட்டிருக்கிறார்.