வராதவரைக் கூப்பிட்ட நாள்

வன்னியில் ஒரு நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும், தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் சொல்வேன். அந்தச் சொற்கள் எதுவும் என்னுடையவை அல்ல என்று பழகியிருந்தேன். ஒரு வழக்கில் மட்டும் அந்தப் பழக்கம் உதவவில்லை.

முரசுமோட்டைப் பக்கத்து அக்கா ஒருவர் ஆட்கொணர்வு மனுப் போட்டிருந்தார். போரின் கடைசி நாட்களில் அவருடைய கணவர் இராணுவத்திடம் சரணடைந்து, அக்காவின் கண்முன்னே பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. சாட்சி சொல்ல வந்த அதிகாரிகள், அப்படி ஒருவர் தங்களிடம் இருந்ததே இல்லை என்றார்கள். அதைத் தமிழில் அவருக்குச் சொன்னவள் நான்.

நீதிபதி, சரணடைந்தவர்களை வைத்திருந்த இராணுவ முகாமுக்குத் தானே போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்னார். அரச சட்டத்தரணி எழுந்து ஆட்சேபித்தார்.

"தேடுவது நிர்வாகத்தின் வேலை. நீதிமன்றம் தன் எல்லையைத் தாண்டக்கூடாது."

"நிர்வாகம் தேடியிருந்தால் இவர் இங்கே வந்திருக்கமாட்டார்" என்றார் நீதிபதி.

போனோம். எல்லா அறைகளையும் திறந்து காட்டினார்கள். புதுப் பெயின்ற் மணத்தது. அக்கா ஒரு சுவரில் கையை ஊன்றி நெடுநேரம் நின்றார். எடுத்தபோது உள்ளங்கை முழுக்க வெள்ளை.

அக்காவின் சாட்சியத்தை நம்பி, அவருடைய கணவர் காவலில் இருந்தது உண்மை, வழக்கின் அடுத்த தவணையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நீதிபதி கட்டளையிட்டார்.

அந்தத் தவணை நாள் காலை அக்கா என்னிடம் வந்தார்.

"பிள்ளை, இண்டைக்கு அவரைக் கொண்டு வருவினமோ?"

"தெரியேல்லை அக்கா. ஐயா கட்டளை போட்டிருக்கிறார்."

"ஐயா சொன்னாக் கேக்கத்தானே வேணும்."

நீதிமன்றத்தின் நீண்ட வாங்கில் தன் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

ஆளைக் கொண்டுவரவில்லை. நீதிபதி, வாசலில் அக்காவின் கணவருடைய பெயரைக் கூப்பிடச் சொன்னார். சேவகர் மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் அவருடைய குரல் தாழ்ந்துவிட்டது. வெளியே கதைத்துக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

அக்கா எழுந்தார். "அவர் ஓம் எண்டவர் ஐயா. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் ஆம் என்று பதில் சொன்னார் என்பதை நான் அரச தரப்புக்குச் சிங்களத்தில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. நீதிபதி பேனாவை எடுத்து, எதுவும் எழுதாமல் கீழே வைத்தார்.

மாலையில் தன் அறையில் என்னிடம் சொன்னார்: "கொண்டுவா எண்டு எழுதலாம். போய்ப் பார்க்கவும் செய்தன். அதுக்கு மேல என்ரை கையில ஒண்டுமில்லை."

கட்டளை மேன்முறையீட்டுக்குப் போய் இன்னும் அங்கேயே கிடக்கிறது. நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார். அக்கா இப்போதும் தவணை கேட்டு வருகிறார். "அண்டைக்கு உங்களுக்கும் கேட்டது, என்ன பிள்ளை?" என்பார்.

இல்லை என்று என்னால் ஒரு நாளும் சொல்ல முடிந்ததில்லை.