சீட்டு எடுக்கும் நாளுக்கு ஒரு டிக்கெட்: பழவேற்காட்டில் செலவான என் மைல்கள்

முதலில் டிக்கெட், பிறகுதான் ஊர். பல வருடங்களாக என் கொள்கை இதுதான். எங்கே மலிவாகப் பறக்க முடிகிறதோ அங்கே போய்விட்டு, அங்கே என்ன பார்க்கலாம் என்று பிறகு யோசிப்பேன். "உனக்கு ஊர் பார்க்க ஆசையா, ஆஃபர் பார்க்க ஆசையா?" என்று என் கணவர் கேட்பார். இரண்டும்தான் என்பேன். உண்மையில் இரண்டாவதுதான் கொஞ்சம் அதிகம்.

கடந்த ஜனவரியில் அப்படித்தான் ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு 1,649 ரூபாய்க்கு ஒரு டிக்கெட் மாட்டியது. வெள்ளி காலை போய் ஞாயிறு காலை திரும்ப வேண்டும். அந்த விலைக்கு அந்த நேரம்தான் கிடைக்கும். மாமல்லபுரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஜனவரியில் பழவேற்காட்டுக்குப் பூநாரைகள் வந்திருக்கும், சரி போகலாம் என்று கிளம்பினேன்.

போகும் வழி கேட்டு நிறைய பேர் எழுதுகிறீர்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் பொன்னேரி, பத்து ரூபாய், ஒரு மணி நேரம். பொன்னேரியில் பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் பழவேற்காடு. வழியெல்லாம் நெல் வயல். ஜன்னல் ஓரம் கிடைத்தால் விடாதீர்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் செல்வம் என்பவரின் ஆட்டோவில் ஏறினேன். முப்பது வயது இருக்கும். ஆட்டோ ஓட்டாத நாட்களில் ஏரியில் மீன் பிடிப்பவர். நல்ல நண்டுக் குழம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"ஹோட்டல்ல இன்னா கெடைக்கும்கா, ஐஸ்ல வெச்சதுதான். எங்க அண்ணி சமைச்சிக்கினு கீறாங்க, வாங்க" என்று ஏரியை ஒட்டிய தன் குப்பத்துக்கே அழைத்துப் போனார். (குப்பத்தின் பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.)

அண்ணியின் பெயர் சசிகலா. நண்டு பிரமாதம், ஆனால் வீட்டில் ஒருவர் முகத்திலும் களை இல்லை. சசிகலா போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். என்ன விஷயம் என்று கேட்கலாமா கூடாதா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில் செல்வமே சொல்லிவிட்டார்.

அந்த ஏரியில் யார் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. மீன்படும் இடங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்று முறை உண்டு, அதற்குப் பெயர் 'பாடு'. வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடிக் குலுக்கல் சீட்டு எடுத்து அதை முடிவு செய்வார்கள். சசிகலாவின் கணவர் குமார் பஹ்ரைனில் ஒரு மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடங்களாக அவருக்குப் பதில் தம்பி செல்வம் நின்று சீட்டு எடுத்து, அந்த முறையில் மீன் பிடித்து, அண்ணிக்குப் பங்கு கொடுக்கிறார். ஆனால் அந்தக் குப்பத்துக் கட்டுப்பாடு இது: இரண்டு வருடம்தான் ஆள் மாற்றி நிற்கலாம். மூன்றாவது வருடம் பெயருக்குரியவர் நேரில் வந்து சீட்டு எடுக்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள்.

மூன்றாவது வருடச் சீட்டு வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு.

"பேரு போச்சுன்னா அப்புறம் இவரு திரும்பி வந்தாலும் இன்னொருத்தர் படகுல கூலிக்குத்தான் போவணும்" என்றார் சசிகலா. "லீவு இன்னிக்குக் காலையிலதான் குடுத்தாங்க. டிக்கெட்டு முப்பத்தாறாயிரத்துச் சொச்சம்னு சொல்றாங்க. எங்கிருந்து எடுக்கறது?"

என் வாயைச் சும்மா வைத்திருக்க முடியுமா? "ஒன்றரை மாதம் முன்னாலேயே போட்டிருந்தால் பன்னிரண்டாயிரத்துக்கு வந்திருக்குமே" என்றேன், இந்த வலைப்பதிவில் நூறு முறை எழுதிய அதே தொனியில்.

"தேதியே போன வாரம்தான்கா வெச்சாங்க" என்றார் செல்வம். கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் எப்படி இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றெல்லாம் பார்த்துத்தான் பெரியவர்கள் நாள் குறிப்பார்களாம். எனக்குச் சுருக்கென்றது. மலிவு டிக்கெட் என்பது தேதியைத் தாங்களே வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கான சலுகை. இத்தனை வருடம் அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் பழக்கம் விடுமா? சோற்றுக் கையைக் கழுவிவிட்டுப் போனில் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் கொழும்பு வழியாக 17,400 ரூபாய்க்கு ஒன்றைக் கண்டுபிடித்து, "பாதி விலை!" என்று கூவினேன். ஞாயிறு மதியம் ஒன்றேகாலுக்குச் சென்னையில் இறங்கும்.

சசிகலா என்னைப் பார்த்தார். "ஒம்போது மணிக்குச் சீட்டுக்கா. ஒன்றேகாலுக்கு வந்தா அவருக்குச் சோறுதான் போடலாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படியே அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார், வெகுநேரம் வெளியே வரவில்லை.

இனி நான் சொல்வது மைல் சேர்ப்பவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு: பறக்கப் பறக்க விமான நிறுவனம் தரும் புள்ளிதான் மைல், போதுமான அளவு சேர்ந்தால் வரி மட்டும் கட்டி டிக்கெட் எடுக்கலாம். என் கணக்கில் எழுபத்தோராயிரம் மைல் இருந்தது. ஆறு வருடச் சேமிப்பு, ஜப்பானுக்குப் பிசினஸ் வகுப்பில் போக. முதலில் அந்தப் பயணத்துக்கு வேண்டிய மைல் குறைவாக இருந்தது. நான் சேர்க்கச் சேர்க்க விமான நிறுவனம் அதை ஏற்றிக்கொண்டே போனது. போதாததற்கு என் திட்டத்தில் பழைய மைல்கள் மார்ச் கடைசியில் காலாவதியாகத் தொடங்கும். அப்படியும் எடுக்க மனம் வரவில்லை. ஒரு மைலுக்கு இன்னும் நல்ல மதிப்பு கிடைக்கும், இன்னும் நல்லது வரும் என்று காத்திருப்பதுதான் எங்கள் கூட்டத்தின் வியாதி.

மைல் பேச்சை எடுக்காமல் செல்வத்தோடு ஏரிக்கரைக்குப் போனேன். சுற்றுலா வருபவர்களைப் படகில் ஏற்ற அனுமதி இல்லை, கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். தூரத்தில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக ஒரு கோடு போல நின்றன. அதற்காகத்தான் வந்தேன், ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. பக்கத்தில் தண்ணீருக்குள் நாலு பேர் வலை வளைத்துக்கொண்டிருந்தார்கள். செல்வம் கரையில் கை கட்டி நின்றார்.

"நீங்க போகலையா?"

"இன்னிக்கு எங்க மொறை இல்லக்கா."

"உங்க முறை வரும் நாளில் போக முடியாமல் போனால்? அடுத்த தடவை சேர்த்துப் பிடிக்கலாமா?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அது எப்டிக்கா சேத்துப் புடிக்கறது? நாம போவலைன்னா தம்பியோ மச்சானோ போலாம். ஒருத்தரும் போவலைன்னா அந்த மொறை போனதுதான்."

நான் போனை எடுத்தேன். சனி இரவு பஹ்ரைனில் கிளம்பி ஞாயிறு காலை 5:10க்குச் சென்னையில் இறங்கும் நேரடி விமானம். காசு கொடுத்தால் 36,800. மைலில் 14,000, வரி மட்டும் 3,150. ஒரு இருக்கைதான் இருந்தது. விரல் ஒரு கணம் நின்றது, பொய் சொல்லவில்லை. மீதி மைல் ஜப்பானுக்குப் போதாது, மார்ச்சுக்குள் சேரவும் சேராது. ஜப்பான் தள்ளிப் போகவில்லை, போயே விட்டது என்று எனக்குத் தெரியும். செல்வத்திடம் விஷயத்தைச் சொல்லி, குமாரின் பாஸ்போர்ட் படத்தை வரவழைத்து, அதில் உள்ளபடியே பெயரைப் போட்டு முடித்தேன். வீட்டுக்குத் திரும்பியதும் சசிகலா வரிப் பணத்தை எண்ணிக் கையில் வைத்துவிட்டுத்தான் பேசினார். "மைலுன்னா இன்னாக்கா?" என்று கேட்டார். நான் விளக்கினேன். "பறக்காம சேத்து வெச்சிருந்தீங்களா?" என்றார்.

ஞாயிறு காலை என் விமானம் 7:20க்கு. ஐந்து மணிக்கே போய் வருகை வாசலில் நின்றுகொண்டேன். செல்வம் வேனோடு வந்திருந்தார். வெயிலில் கறுத்த ஒரு மெலிந்த மனிதர் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தார். "டிக்கெட்டு அக்கா நீங்கதானா?" என்று கேட்டு, பெட்டியை அங்கேயே பிரித்து ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் எடுத்துத் தந்தார். "அண்ணே, மணி ஆவுது!" என்று செல்வம் இழுத்துக்கொண்டு ஓடினார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை. கடைசி நேரத்தில் காசு விலை எகிறும்போதும், பல திட்டங்களில் மைல் விலை அவ்வளவு எகிறாது. அவசரப் பயணத்துக்குத்தான் மைலின் முழு மதிப்பு. அடுத்தவர் பெயரில் டிக்கெட் போட உங்கள் திட்டம் அனுமதிக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் முன்கூட்டியே பெயர் சேர்க்க வேண்டும். எப்போது காலாவதி என்றும் பாருங்கள். பழவேற்காட்டுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். தொப்பி, தண்ணீர், முடிந்தால் பைனாகுலர் எடுத்துப் போங்கள்.

ஹைதராபாத்தில் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில், பத்து மணிக்கு, சசிகலா அழைத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, சீட்டு எடுத்துட்டாரு. இருக்கறதுலயே மோசமான எடம்! வருசம் பூரா நண்டு கூடப் படாது!"

பதினாலாயிரம் மைல். "ஐயையோ" என்றேன்.

"இன்னாத்துக்கு ஐயையோ?" என்றார் அவர், அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. "பேரைக் கூப்ட்டாங்கக்கா. இவரு 'கீறேன்'னு எழுந்து நின்னாரு."